பார்க்கிங் சென்சாருக்குப் பொட்டு வைத்த நாள்

மின்சாரக் கார் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். தாராளமாக வாங்குங்கள், ஆனால் வாங்கிய வாரமே கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜையைப் போட்டுவிடுங்கள். ஏழு மாதம் கழித்துப் போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நடுநடுவே வேறு சில ஆலோசனைகளும் வரும். கேட்காமலே ஆலோசனை சொல்வது என் சுபாவம். என் மனைவி அதை வியாதி என்கிறாள்.

கார் வந்த நாளிலிருந்து என் வாய் ஓயவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிங்கப்பூரின் தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்டில் ஏறினால் பன்னிரண்டாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்குள் பேட்டரி, மோட்டார், பிரேக் மூன்றையும் விளக்கி முடித்துவிடுவேன். பதினோராம் மாடிச் சீனப் பெரியவர் இப்போதெல்லாம் லிஃப்ட் கதவு திறந்து உள்ளே நான் நிற்பதைப் பார்த்தால், சிரித்துக்கொண்டே அடுத்த லிஃப்டுக்குக் காத்திருக்கிறார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் பாயசம் வருவதற்குள் எழுந்து போய்விடுகிறார். அவருக்கு நஷ்டம்.

சார்ஜ் தீர்ந்து நடுரோட்டில் நின்றுவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். சிங்கப்பூரில் அப்படி நிற்க வேண்டுமென்றால் அதற்கென்றே பாடுபட வேண்டும். ஒரே திசையில் ஓட்டிக்கொண்டே இருந்தாலும் சார்ஜ் தீருவதற்குள் கடல் வந்துவிடும். பயப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. எங்கள் கார் பார்க்கில் சார்ஜ் போடும் இடம் இரண்டே இரண்டு. அதில் ஒன்றில் ஒரு வெள்ளைக் கார் குடியே இருக்கிறது. வயிறு நிறைந்த பிறகும் நகராது. அதன் சொந்தக்காரரை நான் இன்றுவரை பார்த்ததில்லை, பார்த்தால் நாலு வார்த்தை கேட்க வைத்திருக்கிறேன். இன்னொன்றில் என் காரை மாட்டிவிட்டு அரை மணிக்கு ஒரு தடவை செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே போய்ப் பார்த்து வருவேன்.

"பிரசவ வார்டுல நிக்கிற மாதிரி எதுக்கு இப்படி மேலயும் கீழயும் அலையிறீங்க? பொறந்தா அவங்களே சொல்லுவாங்க, வந்து சாப்பிடுங்க," என்பாள் மனைவி.

இப்படி இருந்த என்னிடம்தான் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மேசையில், மகள் அந்த வேண்டுகோளை வைத்தாள்.

அவள் விரும்பிய பையன் ஈரோட்டுப் பக்கம். இங்கே ஒரு கம்பெனியில் வேலை, பூன் லேயில் வாடகை வீடு. எங்களுக்குப் பையனைப் பிடித்திருந்தது. பையனுடைய அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து பத்து நாள் வந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து ஒரு தடவை சாப்பிட்டும் போனார்கள். அப்பா அன்றைக்கே தலையாட்டிவிட்டார். அம்மா வாயே திறக்கவில்லை. திங்கட்கிழமை விமானம்.

"அப்பா, ஆன்டி இன்னும் சரின்னு சொல்லல. பெருமையடிக்கிறவங்கன்னா அவங்களுக்கு ஆகவே ஆகாதாம். அன்னிக்கு நீங்க சாம்பார் ஊத்துறப்பகூட கார் பத்தித்தான் பேசினீங்க. நாளைக்கு ஊர் சுத்திக் காட்டப் போறோம்ல, ஒரே ஒரு நாள் காரைப் பத்திப் பேசாம இருங்கப்பா, ப்ளீஸ் லா."

மகள் என்னிடம் 'லா' போட்டால் கெஞ்சுகிறாள் என்று அர்த்தம். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அவங்க ஒண்ணும் சொல்லாம பிளேன் ஏறிட்டா அவ்வளவுதான்பா. அவர் அம்மாவை மீறி எதுவும் செய்யமாட்டாரு. நானும் செய்யச் சொல்லமாட்டேன்."

"ஒரு வார்த்தை பேசமாட்டேன்மா, சத்தியம்," என்றேன். மனைவி என்னைப் பார்த்து, ரசம் வேண்டுமா என்று மட்டும் கேட்டாள். நம்பவில்லை என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள்.

சனிக்கிழமை காலை தெம்பனிஸிலிருந்து பூன் லேக்கு ஓட்டினேன். கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனை. பையனின் அப்பா முன் சீட்டில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, ஏசியின் குளிர் முகத்தில் பட்டதும் தூங்கிவிட்டார். பின்னால் பையனின் அம்மா, என் மனைவி, மகள். பையனுக்கு இடமில்லை. "நான் எம்ஆர்டி ரயில்ல வந்துடறேன் அங்கிள்," என்றான். பாவம், எப்போது வந்து சேருவானோ என்று நினைத்தேன்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரம் ஆனதும் அந்த அம்மா முதல் தடவையாக வாய் திறந்தார்.

"ஏனுங்க சார், வண்டி ஓடுதுங்களா, நின்னுட்டிருக்குதுங்களா? சத்தத்தையே காணமே?"

கடவுளே! இப்படி ஒரு கேள்விக்காக நான் ஏழு மாதமாக ஏங்கியிருக்கிறேன். யாரும் கேட்டதில்லை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓடுதுங்க," என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு வாயை மூடிக்கொண்ட நான் அதன் பிறகு லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலை வரும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டுதான் ஓட்டினேன். ஆனால் மனம் சும்மா இருக்குமா? காரைப் பற்றிப் பேசக்கூடாது என்றுதானே சொன்னாள்? காட்டக்கூடாது என்று சொல்லவில்லையே! என் கார் தானாகவே பார்க்கிங் செய்யும். பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டால் போதும், ஸ்டியரிங் தானாகச் சுற்றும். மெரினா பே போனதும் ஒரு வார்த்தை பேசாமல் அதைச் செய்து காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

லிட்டில் இந்தியாவுக்கு சனி, ஞாயிறு காரில் போகாதீர்கள். இது என் அடுத்த ஆலோசனை. மூன்று சுற்றுச் சுற்றிய பிறகுதான் ஒரு கார் பார்க்கில் இடம் கிடைத்தது. நாங்கள் வேர்த்து விறுவிறுத்துத் தேக்கா சந்தைப் பக்கம் நடந்து வந்தபோது, பையன் ஏற்கெனவே வந்து, தே தாரிக் டீயைக் குடித்து முடித்து, இரண்டாவது கிளாஸுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"டிராஃபிக்கா அங்கிள்?" என்றான் மரியாதையாக.

கடைத்தெருவில் மல்லிகைப்பூ வாங்கினோம். பையனின் அம்மா மூன்று கடையில் பூவை அளந்து பார்த்து, ஊரில் முழம் இன்னும் நீளம் என்று முடிவு சொன்னார். திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"சார், வண்டி புதுசுங்களே. பூஜை போட்டீங்களா?"

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி பூக்கடையைப் பார்த்தாள். உண்மையைச் சொல்வதானால், பூஜை என் நினைவுக்கே வரவில்லை. சார்ஜ் போடும் கார்டு வாங்குவதிலேயே குறியாக இருந்துவிட்டேன்.

"ஏழு மாசமாவா?" என்று நெஞ்சில் கை வைத்தார் அந்த அம்மா. "பூஜை போடாத வண்டியிலயா எங்கள ஏத்தியாந்தீங்க? மொதல்ல கோயிலுக்கு வுடுங்க."

அப்படித்தான் கார் கோயில் வாசலுக்குப் போனது. பூசாரி எலுமிச்சம்பழத் தட்டோடு வந்தார். பானெட்டில் சந்தனம் தடவி, தேங்காய் சுற்றி உடைத்து, நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்தார்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க."

"பண்ணிட்டேன் சாமி."

"சத்தம் வரல. பண்ணுங்க."

"ஸ்டார்ட்லதான் இருக்கு சாமி."

"நேரமாகுது சார், அடுத்து ஒரு லாரி நிக்குது. ஸ்டார்ட் பண்ணுங்க."

விளக்கம் சொல்லத் தொண்டை துடித்தது. மகள் பின்னால் நின்று இருமினாள். பேசாமல் ஆக்ஸிலரேட்டரில் காலை மெதுவாக வைத்தேன். கார் பூனை மாதிரி நகர்ந்து நான்கு பழத்தையும் நசுக்கியது. பூசாரி, "முருகா!" என்று பின்னால் துள்ளினார்.

பூஜைச் சீட்டை முதலில் வாங்காமல் விட்டுவிட்டோம் என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. நான் கவுண்டருக்கு ஓடினேன். வரிசை நீளம். ஒரு பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் காருக்குப் பக்கத்தில் பையனின் அம்மாவும் ஒரு கிண்ணம் சந்தனமும் ஒரு பொட்டலம் குங்குமமும் மட்டும் இருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. திரும்பி வந்தபோது காரின் முகத்தில் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ கூடுதலாகத் தெரிந்தது. மங்களகரமாகத்தான் இருக்கிறது என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

வாழை இலைச் சாப்பாடு முடித்து மெரினா பே கிளம்பியதும் ஆரம்பித்தது.

சிக்னலில் மெதுவாக்கினேன். கீக், கீக், கீக் என்றது. திரையில் காரைச் சுற்றி நாலாபக்கமும் சிவப்பு. முன்னால் இடிக்கப் போகிறது என்றது, முன்னால் யாருமில்லை. பின்னால் இடிக்கப் போகிறது என்றது, பின்னால் ஒரு சைக்கிள், அதுவும் தள்ளி நின்றது. பச்சை விழுந்து வேகம் எடுத்ததும் சத்தம் நின்றது. அடுத்த சிக்னலில் மறுபடியும் கீக், கீக், கீக். பையனின் அப்பா கண்ணைத் திறக்காமலே, "ஏம்மா, குக்கர எறக்கு," என்றார்.

ஏழு மாதத்தில் ஒருநாள்கூட இப்படிச் செய்யாத கார். இன்றைக்கா? இவர்கள் முன்னாலா? மானம் கப்பலேறுகிறது என்பார்களே, மெரினா பேயில் கப்பலுக்குப் பஞ்சமில்லை.

கீழ்த்தள கார் பார்க்கில் நல்ல அகலமான இடம் கிடைத்தது. என் திட்டம் நினைவிருக்கிறதல்லவா? தொண்டையைக் கனைத்துவிட்டு, தானாக பார்க்கிங் செய்யும் பொத்தானை அழுத்தினேன். முடியாது என்றது திரை. மறுபடி அழுத்தினேன். முடியாது. சரி, போய்த் தொலை என்று ரிவர்ஸ் கியர் போட்டேன். பின்கேமரா படத்தில் ஒரே மஞ்சள். கார் பார்க்கும் இல்லை, சுவரும் இல்லை, மாலை வெயில் மாதிரி முழுத் திரையும் மஞ்சள். கீக் சத்தம் விடாமல் ஒரே நீளமாக ஒலித்தது. அந்தப் பக்கம் நடந்துபோன சுற்றுலாக் கூட்டம் ஒன்று நின்று எங்களைப் படம் எடுத்தது.

எப்படியோ நிறுத்தினேன். எல்லோரையும் மேலே போய்த் தண்ணீரையும் கட்டடங்களையும் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டு, காரைச் சுற்றி வந்தேன்.

பம்பரில் சின்னச் சின்ன வட்டங்கள் இருக்குமே, கிட்டே என்ன வருகிறது என்று காருக்குச் சொல்லும் சென்சார், முன்னால் ஆறு, பின்னால் ஆறு. பன்னிரண்டு வட்டத்திலும் வட்டம் தவறாமல் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்திருந்தது. பின்கேமராவுக்குத் தனியாக, பெரிதாக, கட்டை விரலால் ஒரு அப்பு.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! காருக்குக் கோளாறு இல்லை என்று தெரிந்ததில் வந்த சந்தோஷமும் அதே அளவு இருந்தது. என் கார் தங்கம்! யார் செய்த வேலை என்று இப்போது எல்லோருக்கும் விளக்கிவிடலாம். விளக்க வேண்டியதும் இல்லை, துடைத்துவிட்டால் போதும். பையிலிருந்து டிஷ்யூ பொட்டலத்தை எடுத்து, ஒன்றை உருவித் தண்ணீரில் நனைத்து, முதல் வட்டத்தின் முன்னால் குனிந்தேன்.

"அழகா இருக்குதுங்கல்ல சார்?"

பின்னால் பையனின் அம்மா. கைப்பையைக் காரில் வைத்துவிட்டாராம். துணைக்கு என் மகள்.

"பொட்டு வெக்கறதுக்குன்னே அளவா வட்டம் வெச்சுக் குடுத்திருக்கறானுங்க பாருங்க, கார் செஞ்சவன். நம்ம ஊருக்காரனாத்தான் இருக்கோணும். பன்னெண்டையும் வேண்டிக்கிட்டு வெச்சேனுங்க. இந்த வண்டியில போறவங்க எல்லாம் நல்லா இருக்கோணும்னு."

அதுவரை அவர் இத்தனை சொற்கள் பேசி நான் கேட்டதில்லை. குனிந்தபடியே இருந்தேன். அவருக்குப் பின்னால் மகள். அவள் என் கையிலிருந்த ஈர டிஷ்யூவைப் பார்த்தாள், பன்னிரண்டு பொட்டையும் பார்த்தாள், கீக் சத்தத்தின் காரணம் அவளுக்கும் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போய் நின்றாள். பேசாதீங்கப்பா என்று கெஞ்சக்கூட அவளுக்கு வழியில்லை.

நான் அந்த ஈர டிஷ்யூவால் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன்.

"ரொம்ப அழகா இருக்குங்க," என்றேன்.

"ஆனா வண்டி ஏனுங்க சார் அப்படிக் கத்துது?"

இதற்குச் சரியான பதில் எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் அந்த நிமிடத்தில் எனக்கு மட்டும்தான் அவ்வளவு நன்றாகத் தெரியும்.

"வண்டிதாங்க சரியில்ல," என்றேன். வாயிலிருந்து அது வெளியே வருவதற்குள் நான் பட்ட பாடு! "வாங்கினதே தப்புங்க. சும்மா சும்மா கத்தும். பார்க்கிங்கும் பண்ணத் தெரியாது. சோம்பேறி வண்டி."

எங்களைத் தேடிக்கொண்டு வந்த என் மனைவி ஒரு தூணருகே அப்படியே நின்றுவிட்டாள். ஏழு மாதமாக இதைக் கேட்கக் காத்திருந்தவள். கேட்டபோது அவள் கண் ஏன் கலங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும் கேட்டேன், தூசி என்றாள்.

"அட, அப்படிச் சொல்லாதீங்க சார்," என்று பையனின் அம்மா என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்தார். "எங்கூட்லயும் ஒரு வேன் இருந்துச்சுங்க. தள்ளாம நவுராது. பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையவே தள்ள வுட்டுட்டோம். அவரும் தள்ளினாரு, பாவம், வேட்டியோட."

மகள் சிரித்தாள். காலையிலிருந்து அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

நடுநடுவே ஆலோசனை வரும் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்று. மெரினா பே பக்கம் மத்தியானம் போகாதீர்கள், வெயில் கொன்றுவிடும். இந்த ஊர்க்காரர்கள் என்றால், ஊரைப் பார்க்க யாராவது விருந்தாளி வரும்வரை காத்திருங்கள். அன்றைக்கு அந்த அம்மா அத்தனை பெரிய கட்டடங்களையும் விட்டுவிட்டு, துடைப்பமும் முறமும் வைத்துக்கொண்டு ஒரு இலையைத் துரத்திய துப்புரவுத் தொழிலாளியைத்தான் ரசித்துப் பார்த்தார். "ஒரே ஒரு எலைங்க! எத்தன தூரம் ஓடறாரு பாருங்க!" நானும் பார்த்தேன். ஐம்பத்தாறு வருஷம் இங்கேயே பிறந்து வளர்ந்தும் அப்படி நின்று பார்த்ததில்லை.

மாலையில் தெம்பனிஸ் வீட்டில் டீ. வழியெல்லாம் கீக், கீக். போக்குவரத்து நெரிசலில் காது வலித்தது. கடைசியில் மகள் பின்னாலிருந்து எட்டித் திரையை நோண்டி எல்லா எச்சரிக்கையையும் ஒட்டுமொத்தமாக அணைத்தாள். தானாக பிரேக் பிடிப்பதையும் சேர்த்து. வண்டிக்குள் அமைதி வந்தது. பையனின் அப்பா விழித்துக்கொண்டு, "சாப்பாடு ஆச்சா?" என்றார்.

எங்கள் புளோக் கார் பார்க்கில் பையன் தூணில் சாய்ந்து நின்றிருந்தான். ரயிலில் வந்து அரை மணி ஆயிற்றாம். என் இடம் இரண்டு தூணுக்கு நடுவே, குறுகலானது. ரிவர்ஸ் போட்டேன். பின்கேமராவில் மஞ்சள். எச்சரிக்கை கிடையாது. கண் தெரியாத, காது கேட்காத வண்டி. முப்பது வருஷத்துக்கு முன்னால் லைசன்ஸ் வாங்கியபோது பின்னால் திரும்பிப் பார்த்து ஓட்டக் கற்றது எனக்கு மறந்தே போயிருந்தது. கழுத்தும் திரும்பவில்லை.

"இருங்க இருங்க, நான் பாக்கறனுங்க," என்று பையனின் அம்மா இறங்கினார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, காருக்குப் பின்னால் போய், கையை ஓங்கி காரைத் தட்டினார். வேனைத் தள்ளிப் பழகிய கை.

"வரலாம், வரலாம்! வரலாம்! லெப்டுல ஒடிங்க! இன்னும் ஒடிங்க! அப்படியே வரலாம்... வரலாம்..."

பன்னிரண்டு சென்சாரும் ஒரு கேமராவும் செய்கிற வேலையை அவர் ஒருவரே செய்தார். நான் அவர் குரலுக்குக் கட்டுப்பட்டு வந்துகொண்டே இருந்தேன். மகளும் பையனும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வரலாம்... வரலாம்... தூணு, தூணு! போதும்! நிறுத்துங்க சம்மந்தி!"

காலையிலிருந்து 'சார்' என்று கூப்பிட்டவர்.

மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பையன், "அம்மா!" என்றான். என் மனைவி கார்க்கதவைத் திறந்து பாதி இறங்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் என்ன செய்தேன் என்றா கேட்கிறீர்கள்? பிரேக்கை மறந்துவிட்டேன். டமார் என்றது.

பின் பம்பரின் இடது ஓரத்தில், கடைசிப் பொட்டுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். கல்யாணம் முடிந்து வருஷம் ஒன்று ஆகிவிட்டது. பொட்டைத் துடைத்துவிட்டேன், சம்மந்தி வருகிற மாதம் மட்டும் நானே மறுபடி வைத்துவிடுவேன். பட்டறைக்காரர் பள்ளத்தை ஒரே நாளில் எடுத்துத் தருவதாக ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். எடுக்க விடவில்லை.